வாழைப்பழம் உதவாத இடம்

குழந்தை காசை விழுங்கிவிட்டால், "வாழைப்பழம் கொடு, காலையில் வந்துவிடும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். பெரும்பாலும் வந்தும்விடும். விளையாட்டுக்கு விற்கும் சின்னக் காந்தக் குண்டு விஷயத்தில் அந்த நிதானம் ஆபத்து.

ஒரே ஒரு குண்டு என்றால் அநேகமாகத் தானே வெளியேறும். இரண்டு போனால்தான் வினை. ஒன்று முன்னால் போய் குடலின் ஒரு மடிப்பில் நிற்கும். அடுத்தது பின்னால் வந்து பக்கத்து மடிப்பில் சேரும். நடுவில் குடல் சுவர் இருப்பதைப் பொருட்படுத்தாமல் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இடையில் நசுங்கிய சதைக்கு ரத்தம் வராது. அது அழுகி ஓட்டை விழும். கிருமி வயிற்றுக்குள் பரவும். காந்தத்தோடு வேறொரு இரும்புத் துண்டு போனாலும் இதே கதிதான். வெளியே தெரிவதோ வாந்தி, வயிற்றுவலி, காய்ச்சல். அஜீரணம் என்று நாமும் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்போம்.

பழைய காந்தங்களுக்கு இவ்வளவு பலம் கிடையாது. 1980களில் வந்த நியோடிமியம் காந்தம்தான் இந்தக் குண்டுகளின் உயிர். அமெரிக்காவில் 2009இல் 'பக்கிபால்ஸ்' விற்பனைக்கு வந்தது: சுமார் 5 மி.மீ. குண்டுகள், பெட்டிக்கு 216. பெரியவர்களுக்கான மேசை விளையாட்டு என்றார்கள். பெட்டியில் எச்சரிக்கையும் அச்சிட்டார்கள். சோபாவுக்கு அடியில் உருண்டு போன குண்டில் எந்த எச்சரிக்கை இருக்கும்? தவழும் பிள்ளைகள் மட்டுமல்ல, நாக்கில் தோடு குத்தியதுபோல் காட்ட மேலும் கீழும் குண்டு வைத்த பதின்வயதினரும் விழுங்கினார்கள்.

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2012இல் பக்கிபால்ஸ் விற்ற நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2014இல் இவ்வகைக் காந்தங்களுக்கெல்லாம் பொது விதியும் போட்டது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியை ரத்து செய்ய, விழுங்கும் சம்பவங்கள் மறுபடி கூடின. 2017 முதல் 2021 வரை ஆண்டுக்குச் சுமார் 2,400 பேர் இதற்காக அவசர சிகிச்சைக்கு வந்ததாக ஆணையத்தின் மதிப்பீடு. 2022இல் புது விதி வந்தது. ஆனாலும் இணையக் கடைகளில் இந்தக் குண்டுகள் இன்னும் அகப்படுகின்றன.

சந்தேகம் வந்தாலே, சாப்பிட எதுவும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். 'காந்தம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு குண்டு ஒட்டியிருந்தால் ஒரு கோணத்து எக்ஸ்ரேயில் ஒன்றாகத் தெரியக்கூடும். பக்கவாட்டிலும் எடுக்க வேண்டும். இரைப்பையிலேயே இருந்தால் எண்டோஸ்கோப்பியில் எடுத்துவிடலாம், அறுவை வேண்டியிராது. எம்.ஆர்.ஐ. மட்டும் எடுக்கவே கூடாது.