கீறிய காலும் 72 மணி நேரமும்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பாதத்தில் ஆறாத புண் இல்லாத காலம் குறைவு. உப்புநீர் அரித்த வெடிப்பு ஒரு பக்கம், உப்புக்கல் கிழித்த கீறல் இன்னொரு பக்கம். இப்படிப்பட்ட காலில் கரையோரக் குப்பையில் கிடக்கும் ஊசி குத்தினால் என்ன செய்வது? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இந்தப் பக்கத்து உப்பளங்கள் மூழ்கின. அப்படியொரு வெள்ளம் வடிந்தபின் எந்த ஊர்க் குப்பை எங்கே ஒதுங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதை அள்ளுகிறவர் பேரூராட்சித் தூய்மைப் பணியாளர். மிதிக்கிறவர் உப்பளத் தொழிலாளி.

உப்புத் தண்ணீர் பட்டால் கிருமி செத்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஊசி ஏற்றிய ரத்தம் தோலுக்குள் போய்விட்டது. மேலே தேய்க்கும் உப்பு அதைத் தொடாது. புண்ணைத்தான் இன்னும் கிளறும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உலர்ந்த ரத்தத்தில்கூட குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். அந்தக் கிருமி அதிகமாக உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாத 100 பேரைக் குத்தினால் 30 பேர் வரைக்கும் தொற்று வரலாம். எச்ஐவி என்றால் 1,000 பேரில் சுமார் 3 பேர். நாம் பயப்படுவது எச்ஐவிக்கு. அதைவிட எளிதில் தொற்றுவதோ தடுப்பூசி உள்ள ஹெபடைடிஸ் பி.

குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிழிய வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம், பிளீச்சிங் பவுடரோ மஞ்சளோ அப்ப வேண்டாம். கண்ணில் ரத்தம் தெறித்தால் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பிறகு வேலை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். முதலில் மரக்காணம் அரசு மருத்துவமனை. அங்கே மருந்து இல்லையென்றால் எழுதி வாங்கிக்கொண்டு திண்டிவனம் வழியாக முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். வழி தெரியாவிட்டால் 1097 என்ற எண்ணில் கேட்கலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் அன்றே கேளுங்கள். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் மாத்திரையால் பெரும்பாலும் குணமாகிவிடும். 2018-இல் தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சி கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

ரத்தம் சிந்திய இடத்தைத் துடைக்கிறவர் கையுறை போட்டு, மேலே பழந்துணி விரித்து, லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டு எடுக்க வேண்டும். உடைந்த கண்ணாடியை, ஊசியைக் கையால் பொறுக்கவே கூடாது. வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி, தனியாகக் கொடுங்கள். இது உங்கள் தெருவைப் பெருக்குகிறவரின் விரலைக் காக்கிற வேலை.

இனி உரிமை. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடும் பொறுப்பை மருத்துவமனை, கிளினிக், ஆய்வகம் நடத்துகிறவர்கள் தலையில் வைத்திருக்கின்றன. ஊசி துளைக்காத வெள்ளைப் பெட்டியில்தான் போக வேண்டும். தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் தகுந்த காலணியும் தருவதைத் திடக்கழிவு விதிகள் உள்ளாட்சியின் கடமையாக்கியிருக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளி என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. எச்ஐவி தொற்றும் ஆபத்துள்ள எந்த வேலையிடத்திலும் பாதுகாப்புப் பொருளும் பயிற்சியும் தடுப்பு மருந்தும் தர வேண்டும் என்கிறது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம். சம்மதமில்லாமல் சோதிப்பதும், தொற்று இருப்பதால் வேலையை விட்டு நீக்குவதும் அந்தச் சட்டப்படி தவறு.

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைக் கழிவு கொட்டப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டபின் லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. ஊர் மக்கள் குரல் கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம். மரக்காணத்திலும் மருத்துவக் கழிவைப் பார்த்தால் தொடாமல் படம் எடுத்து, இடம், தேதி, நேரம் குறித்து, பேரூராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் விழுப்புரம் ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். குத்துப்பட்டவர் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் இழப்பீடு கேட்க அந்தத் தாள்தான் முதல் சாட்சி. வழக்கு நடத்தப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. அடுத்த புயல் வருவதற்கு முன் மூன்றையும் போட்டு முடிக்க வேண்டுமானால், முதல் ஊசியை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.