பூவெடுத்த கீரையைப் பிடுங்கி எறியாதீர்கள்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் மதுரையை அடுத்த கீழக்குயில்குடி வீட்டுத் தோட்டங்களில் முதலில் குணம் மாறுவது கொத்தமல்லி. தரையை ஒட்டி அகல இலையோடு இருந்த செடி, சில நாட்களுக்குள் நடுத்தண்டை உயர்த்திக்கொண்டு நிற்கும். புதிதாக வரும் இலைகள் அகலம் குறைந்து நூல்நூலாகப் பிரியும். "மல்லி பூவெடுத்திருச்சு, இனி ஆகாது" என்று பிடுங்கி ஆட்டுக்குப் போடுவது வழக்கம். ஆனால் அந்தச் செடியில் நமக்கான உணவு தீர்ந்துவிடவில்லை. இலையில் இருந்தது வேறு இடத்துக்குப் போயிருக்கிறது.

எப்போது பூக்க வேண்டும் என்று செடிக்குச் சொல்வது பெரும்பாலும் பகலின் நீளமும் வெப்பமும்தான். பகல் நீளத்துக்கும் பூப்புக்கும் உள்ள உறவை, புகையிலையையும் சோயாவையும் வைத்து 1920-இல் விளக்கினார்கள் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் கார்னரும் அல்லார்டும். பகல் எவ்வளவு நேரம் என்று உணர்வது இலை. அங்கிருந்து ஒரு செய்தி தண்டின் நுனிக்குப் போகிறது என்று 1930-களில் சோவியத் அறிஞர் சைலக்யான் சொன்னார்; அதற்கு 'புளோரிஜன்' என்று பெயரும் வைத்தார். அந்தச் செய்தியைச் சுமப்பது ஒரு புரதம் என்பது 2007-இல்தான் உறுதியானது. செய்தி வந்ததும் தண்டின் நுனி, இலை விடுவதை நிறுத்திப் பூமொட்டு விடும். ஜிப்ரலின் என்ற ஹார்மோன் கணுக்களுக்கு இடையே தண்டை நீட்டும்.

மதுரை, பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. இங்கே ஆண்டின் நீண்ட பகல் சுமார் 12 மணி 45 நிமிடம், குறுகிய பகல் சுமார் 11 மணி 30 நிமிடம். வித்தியாசம் சிறியதுதான், ஆனாலும் செடிகள் அதைக் கவனிக்கின்றன. பகல் குறையக் குறையப் புளிச்சகீரை பூக்கும். கொத்தமல்லியோ பகல் நீள்வதோடு வெயிலும் ஏறினால் அவசரப்படும். சித்திரை, வைகாசியில் வெப்பம் 38, 40 டிகிரியைத் தொடும் ஊரில், சமணமலைப் பாறை பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விடும் அடிவாரத்தில், அதற்கு வேறு வழியில்லை. மண் காய்ந்துபோனால் இன்னும் சீக்கிரம் பூக்கும்.

பூக்க முடிவெடுத்த செடி, இலையில் சேர்த்த சர்க்கரையையும் தழைச்சத்தையும் பூவுக்கும் விதைக்கும் அனுப்புகிறது. இலை சிறுத்து, முரடாகி, சிலவற்றில் கசக்கவும் செய்யும். தண்டில் நார் ஏறும். செடி தன் சத்தை எங்கே அனுப்புகிறதோ அங்கே நம் கையும் போக வேண்டும்.

கீரையில் இது நம் சமையலுக்குப் பழக்கமான வழிதான். முளைக்கீரையை விதைத்த 25 நாளில் பிடுங்காமல் விட்டால் தண்டு தடிக்கும். பூங்கதிர் தலைகாட்டும்போதே அறுத்து, நுனிக்கொழுந்தைப் பொரியலுக்கு எடுத்துக்கொள்ளலாம். தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, மேல்தோலை நாரோடு உரித்தால் உள்ளே வெளிர்பச்சைச் சதை வரும். நகம் இறங்கினால் சமைக்கலாம், இறங்காவிட்டால் உரத்துக்குத்தான். துவரம்பருப்போடு சாம்பாராகவோ, புளிக்கூட்டாகவோ வைத்தால், தண்டு குழம்பை உறிஞ்சிக்கொண்டு மென்று சாப்பிட அருமையாக இருக்கும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் முற்றிய கீரையின் அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது. அதில் ஆக்சலேட் உண்டு.

கொத்தமல்லியின் சிறப்பு அதன் பச்சைக் காய். வெள்ளைப் பூக்கள் உதிர்ந்ததும் மிளகளவில் பச்சை உருண்டைகள் திரளும். இலையின் மணம் ஆல்டிஹைடுகளால் வருவது. காய்ந்த மல்லி விதையின் எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல். பச்சைக் காயில் இந்த இரண்டு மணமும் சேர்ந்திருக்கும். ஒரு கைப்பிடி காயோடு பச்சை மிளகாய், தேங்காய், சிறிது புளி, உப்பு வைத்து அம்மியில் அரைத்தால் கிடைக்கும் துவையலுக்கு இணையில்லை. ரசத்தில் நசுக்கிப் போட்டாலும் மணக்கும். தமிழகத்தின் முதல் உழவர் சந்தையாக 1999-இல் மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்ட சந்தைக்குப் போனாலும் நாம் தேடுவது இளம் மல்லிக்கட்டைத்தான். பச்சைக் காயின் ருசி வேண்டுமென்றால் வீட்டில் செடி நிற்க வேண்டும்.

முள்ளங்கி பூத்துவிட்டால் கிழங்கு உள்ளே பொள்ளலாகிச் சக்கையாகிவிடும். ஆனால் அதில் தொங்கும் இளங்காய்கள் காரமும் மொறுமொறுப்புமாக இருக்கும். வட இந்தியாவில் காய்க்காகவே வளர்க்கும் முள்ளங்கி ரகம் உண்டு. அங்கே அதற்கு 'மூங்ரே' என்று பெயர். விதை கெட்டிப்படும் முன் பறித்து, கடுகு, உளுந்து தாளித்துப் பொரியல் செய்யலாம். கதிர்விட்ட திருநீற்றுப்பச்சிலையின் விதைதான் சர்பத்தில் ஊறவைக்கும் சப்ஜா. பூத்த வெந்தயக்கீரை, காய் முற்றிக் காய்ந்ததும் தாளிப்புக்கு வெந்தயம் தரும்.

ஒரு எச்சரிக்கை: இதெல்லாம் கீரைகளுக்கும் மணச்செடிகளுக்கும் முள்ளங்கிக்கும்தான் பொருந்தும். உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளின் இலை, தண்டு, பூவைச் சமைக்கக் கூடாது. உருளையின் பச்சைக் காய் நஞ்சு.

பூத்த செடியை நிறுத்தி வைப்பதில் தோட்டத்துக்கும் லாபம். மல்லிப் பூவுக்குத் தேனீயும் பூ ஈக்களும் வரும். பூ ஈக்களில் பலவற்றின் புழுக்கள் அசுவினியைத் தின்பவை. பக்கத்தில் இருக்கும் அவரைக்கும் கத்திரிக்கும் அது காவல்.

வரும் பருவத்தில் பாத்திக்கு இரண்டு செடியையாவது அறுக்காமல் விடுங்கள். நோயில்லாத, கடைசியாகப் பூத்த செடியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதலில் பூத்ததில் விதை எடுத்தால் அவசரப்படும் குணமே அடுத்த தலைமுறைக்கும் போகும். கீரை ரகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால் விதைக்கு ஒரே ரகத்தை நிறுத்துங்கள். கதிர் காய்ந்ததும் உதிர்த்து, நிழலில் உலர்த்திப் புட்டியில் அடையுங்கள். ஐப்பசி மழைக்குப் பின் மல்லி விதையை இரண்டாக உடைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தியாக விதைத்து வாருங்கள். இலையும், பச்சைக் காயும், அடுத்த விதையும் மாறிமாறிக் கிடைத்துக்கொண்டே இருக்கும்.