நீர்மேற் குடிகள்

வீடென்றால் அத்திவாரம் வேண்டுமென்றே நானும் எண்ணியிருந்தேன். கலிபோர்ணியாவின் றெட்வூட் நகரிலே, 'டொக்ரவுண்' படகுத்துறையிற் கட்டியிருந்த படகுகளும் மிதவை வீடுகளுமே பலருக்கு மனை. வற்றுப்பெருக்கோடு அடுப்பும் கட்டிலும் தாழ்ந்துயரும் வாழ்வு அது!

வற்றுப்பெருக்கு மேவும் நிலம் யாவருக்கும் பொது. அங்கே தனியார் குடியிருத்தல் ஆகாது என்பது மாநிலத்தின் நிலைப்பாடு. வழக்கும் எழுந்தது. நகரசபை நெடிது விவாதித்து, 2016 இல் அவர்களை இடம்பெயர்க்கும் திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

சட்டத்தைக் குறைசொல்ல நான் துணியேன். கரையோரம் செல்வரின் வேலிக்குள் அடைபடாமற் காப்பதும் அதுவேயன்றோ? ஆயினும், அத்துறையை நடத்தி வாடகை வாங்கியதும் அதே நகரசபைதான். வாங்கிய கைக்கு அன்று சட்டம் தெரியவில்லைப் போலும்!

இடம்பெயர்வோருக்கு உதவித்தொகை வகுத்தார்கள், மறுப்பதற்கில்லை. படகாயின் வேறு துறை தேடி ஓடலாம். மிதவை வீட்டுக்கோ பாயுமில்லை, இயந்திரமுமில்லை. அதை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது?