கழற்றவும் எளிது, கழலாமலும் இருக்க வேண்டும்: டிராக்டர் வாளிக்கு ஒரு கவைச் சட்டம்

வேலி முள்ளை வெறுங்கையால் அள்ளத் துணிவார் யாருமில்லை. கிளைத்த கோலொன்றை வெட்டி, அதையே கவைக்கோலாகக் கொண்டு முள்ளைத் தள்ளுவதும் தூக்குவதும் நம் உழவர்களின் நெடுநாளைய வழக்கம். முள்ளும் கிளையும் மண்ணைப்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அடங்கும் பொருள்களல்ல. அவற்றை அள்ளுவதற்கு இடைவெளி விட்ட பற்களே ஏற்றவை என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். அந்த எளிய உண்மையை டிராக்டரின் முன்புறம் இயங்கும் வாளிக்கும் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெங்களூரில் 'தண்டு' என வழங்கிய பழைய இராணுவக் குடியிருப்புப் பகுதியைச் சேர்ந்தது காக்ஸ் டவுன். தண்டின் நகராட்சியும் பழைய நகரின் நகராட்சியும் 1949-இல் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. தண்டுப் பகுதியின் சாலைகளுக்கு நிழல் தரும் மரங்களுள் பல வெளிநாடுகளிலிருந்து வந்தவை. தூங்குமூஞ்சி மரம் நடு அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டது. செம்மயிற்கொன்றை மடகாஸ்கர் தீவினின்றும் வந்தது. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையுடன் சூறைக்காற்று வீசும்போது இம்மரங்களின் பெருங்கிளைகள் முறிந்து விழுவது வழக்கம். விழுந்த கிளைகளை அறுத்து, கையால் இழுத்து, டிரெய்லரில் ஏற்றும் பணியாளரின் உழைப்பு கடுமையானது. முதுகுக்கும் கைகளுக்கும் ஊறு விளைவிப்பது.

லோடர் பூட்டிய டிராக்டர் இருப்பின் இச்சுமை குறையும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பக்கெட் என வழங்கும் வாளி, மணலுக்கும் ஜல்லிக்கும் அமைந்த பாத்திரமாகும். கிளைக்குவியலுள் அதைச் செலுத்தினால் கிளைகள் நழுவி முன்னே தள்ளப்படுகின்றன. அதன் விளிம்பு சாலையின் தார்ப்பரப்பைச் சுரண்டுகிறது. வயலிலாயின் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு வருகிறது. பற்களுள்ள கவையோ குவியலின் அடியில் புகுந்து கிளைகளை மட்டும் ஏந்தும். மண் இடைவெளிகளின் வழியே உதிர்ந்துவிடும். தமிழ்நாட்டில் சீமைக் கருவேலம் முதலிய அயல் தாவரங்களை அகற்றுவதற்கென 2022-இல் மாநில அரசு தனிக் கொள்கையொன்றை வெளியிட்டது. அத்தகைய முட்புதர்களை வெட்டிய பின்னர் திரட்டுவதற்கும் இக்கருவி பயன்படும்.

விரைவு ஏன் வேண்டும்?

கவையை வாளியுடன் நிரந்தரமாகப் பற்றவைத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். கிளைகளை ஏற்றிய பின் எஞ்சும் தழையையும் மண்ணையும் அள்ளுவதற்கு வாளியே வேண்டும். அதனினும் முக்கியமான காரணம் வேறு. ஒரு மீட்டருக்கு மேல் முன்னே நீண்ட எஃகுப் பற்களுடன் டிராக்டர் குறுகலான குறுக்குத் தெருக்களில் செல்லுமாயின், எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரருக்கும் நடந்து செல்லும் சிறுவருக்கும் அது ஈட்டிக்கு நிகரான அபாயமாகும். ஆகவே பணியிடத்தை அடைந்த பின்னரே கவையைப் பூட்ட வேண்டும். பணி முடிந்ததும் கழற்றி டிரெய்லரில் வைக்க வேண்டும்.

கழற்றுவதற்கு அரை மணி நேரமும் ஆறு மறைத்திருகிகளும் தேவைப்படுமானால், அந்த விதியை எவரும் நெடுநாள் பின்பற்றமாட்டார்கள். இரண்டு நிமிடத்தில் முடியுமானால் பின்பற்றுவார்கள். விரைவு என்பது இங்கே சௌகரியம் மட்டுமன்று. பாதுகாப்பின் ஓர் அங்கமே ஆகும். ஆனால் விரைவில் கழலும் கருவி, நாம் விரும்பாத வேளையிலும் கழன்றுவிடலாம் அல்லவா? இவ்விரண்டு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றுவதுதான் இக்கருவியை அமைப்போர் தீர்க்க வேண்டிய சிக்கல்.

இணைப்பு முறையின் வரலாறு

கருவியை டிராக்டருடன் இணைக்கும் முறையே உயிர்காக்கும் என்பதை உலகுக்கு உணர்த்தியவர் அயர்லாந்துப் பொறியாளர் ஹாரி ஃபெர்குசன். அக்காலத்தில் டிராக்டருக்குப் பின்னால் கட்டிய கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால், முன்சக்கரங்கள் மேலெழும்பி, டிராக்டர் ஓட்டுநர்மேல் கவிழ்வதுண்டு. ஃபெர்குசன் உருவாக்கிய மும்முனை இணைப்பு இவ்வபாயத்தைப் பெரிதும் குறைத்தது. கருவிகளை மாற்றுவதையும் எளிதாக்கியது. 1938-இல் அவர் இதனை ஹென்றி ஃபோர்டுக்குச் செய்து காட்டினார். மாஸி ஃபெர்குசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1960-இல் சென்னையில் டாஃபே டிராக்டர் நிறுவனம் தோன்றியது.

முன்புறக் கருவிகளின் வரலாறும் இத்தகையதே. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கெல்லர் சகோதரர்கள், வான்கோழிப் பண்ணைகளைத் துப்புரவு செய்வதற்காக 1957-இல் ஒரு சிறிய லோடரை அமைத்தனர். அதன் வழிவந்த பாப்கேட் இயந்திரங்களில், இரண்டு நெம்புகோல்களைத் திருப்பியே கருவியைப் பூட்டும் முறை 1970-இல் புகுந்தது. அவ்வகை இணைப்புக்கு இன்று ஐ.எஸ்.ஓ. 24410 என்னும் சர்வதேசத் தரம் உண்டு. நம்மிடையே உள்ள பல லோடர்களில் வாளி நேரே ஆணிகளால் பூட்டப்பட்டிருக்கிறது. அவற்றில் வாளியைக் கழற்றாமல், அதன் வாயின் முன்னே ஒரு சட்டத்தை மாட்டுவதே செலவு குறைந்த வழி.

சட்டத்தின் அமைப்பு

வாளியின் அகலம் 1.5 மீட்டர், வாயின் உயரம் 60 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அந்த வாயை மூடும் அளவில் ஒரு செங்குத்துச் சட்டம் அமைக்க வேண்டும். சட்டத்தின் மேற்புறத்தில் உள்ள இரண்டு கொக்கிகள் வாளியின் மேல்விளிம்பைப் பின்னாகக் கவ்வும். கீழ்ப்புறம் வாளியின் முன்விளிம்பில் சாய்ந்து நிற்கும். அடிக்குழாயிலிருந்து 1.1 மீட்டர் நீளமுள்ள ஐந்து பற்கள், 30 சென்டிமீட்டர் இடைவெளியில் முன்னோக்கி நீளும். பல்லும் சட்டமும் சேரும் மூலையில் முக்கோணத் தகடுகளைப் பற்றவைத்து வலிவூட்டுதல் அவசியம்.

ஐ.எஸ். 4923 தரத்திலுள்ள 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 5 மில்லிமீட்டர் கனத்தில், இதற்குப் பொருந்தும். ஒரு பல்லின் நுனியில் 200 கிலோகிராம் எடை தாங்கினால், அடியில் தோன்றும் வளைவுத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 175 நியூட்டன் ஆகும். 240 நியூட்டன் நெகிழ்வலிமையுள்ள எஃகு இதனைத் தாங்கும். அதே நுனியில் 400 கிலோகிராம் விழுமாயின் தகைவு 350 நியூட்டனாகும். பல் நிலையாக வளைந்துவிடும். ஆதலின் ஒற்றைப் பல்லை அடிமரத்தின்கீழ்ச் செருகி நெம்புதல் கூடாது. இக்கருவி திரட்டுவதற்கு உரியது. வேரோடு பெயர்ப்பதற்கு உரியதன்று.

சட்டத்தின் மொத்த எடை சுமார் 90 கிலோகிராம் ஆகும். இந்த எடையும் சுமையும் முன்னே தள்ளிப்போவதன் விளைவை மறத்தலாகாது. டிராக்டரின் முன்னச்சிலிருந்து வாளியின் ஆணி 1.2 மீட்டர் முன்னாலும், அந்த ஆணியிலிருந்து வாளிச் சுமையின் மையம் அரை மீட்டர் முன்னாலும் இருப்பதாகக் கொள்வோம். அந்நிலையில் 500 கிலோகிராம் தூக்கும் டிராக்டர், கவையைப் பூட்டிய பின் ஏறத்தாழ 250 கிலோகிராமையே அதே உறுதியுடன் தூக்க வல்லதாகும். கவைமீது கிடக்கும் சுமையின் மையம் முன்னச்சிலிருந்து 2.55 மீட்டர் தொலைவுக்குச் சென்றுவிடுவதும், சட்டத்தின் சொந்த எடையுமே இதற்குக் காரணம்.

பச்சை மரம் கனமீட்டருக்கு 900 கிலோகிராம் எனக் கொண்டால், 30 சென்டிமீட்டர் விட்டமும் நான்கு மீட்டர் நீளமும் உள்ள ஒரே ஒரு கட்டை 250 கிலோகிராமைத் தொட்டுவிடும். தழை நிறைந்த குவியல் பெரிதாகத் தோன்றினும் இலேசானது. சிறிதாகத் தோன்றும் கட்டையோ கனமானது. கண் ஏமாற்றும் இடம் இது.

பூட்டின் தத்துவம்

சுமை பற்களின்மேல் இருக்கும்வரை சட்டம் தானே இறுகும். பற்கள் கீழ்நோக்கி அழுத்தப்படும்போது, மேற்கொக்கிகள் வாளியின் விளிம்பை முன்னோக்கி இழுக்கின்றன. சட்டத்தின் அடி வாளியில் பின்னோக்கி அழுந்துகிறது. 250 கிலோகிராம் சுமைக்கு ஒவ்வொரு கொக்கியிலும் சுமார் 135 கிலோகிராம் இழுவிசையே விழும்.

அபாயம் எதிர்த்திசையில் உள்ளது. பற்களின் நுனி தரையில் ஊன்றி நிற்கும் வேளையில் லோடரைக் கீழே அழுத்தினாலும், சுமையைக் கொட்டுவதற்காக வாளியை வெகுவாகக் கவிழ்த்தாலும், சட்டத்தின் அடி வாளியை விட்டு விலகப் பார்க்கும், கொக்கிகளும் மேலெழும்பும். அதைத் தடுப்பதற்கே கீழ்ப்பூட்டு. வாளியின் இரு பக்கத் தகடுகளிலும் ஒவ்வொரு காதும், அதைக் கவ்வும்படி சட்டத்தில் இரட்டைக் காதும் அமைத்து, 20 மில்லிமீட்டர் ஆணியை ஊடே செலுத்த வேண்டும். வாளியின் வெட்டுவிளிம்பு பெரும்பாலும் கடினப்படுத்திய எஃகாலானது. முறையின்றிப் பற்றவைத்தால் வெடிப்புக் காணும். ஆகையால் காதுகளைப் பக்கத் தகட்டிலேயே வைத்தல் நன்று.

பற்களின் நுனிகள் எல்லாவற்றையும் சேர்த்து 400 கிலோகிராம் விசை மேல்நோக்கித் தள்ளினும், ஒவ்வோர் ஆணிக்கும் வருவது 400 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவே. ஆணியின் குறுக்கே தோன்றும் வெட்டுத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 6 நியூட்டன்தான். சாதாரண எஃகு இதைப் போலப் பன்மடங்கு தாங்கும். இக்கணக்கு நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. ஆணி முறிவதைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. ஆணி நழுவுவதையும், பாதியளவே செருகப்படுவதையும், செருக மறந்துவிடுவதையும் குறித்தே அஞ்ச வேண்டும். ஆணியைப் பருமனாக்குவதால் இக்குறை தீராது.

பிரிட்டனில் மண் தோண்டும் இயந்திரங்களின் விரைவு இணைப்புகளில் பாதுகாப்பு ஆணியைச் செருகாது விட்டமையால் வாளிகள் கழன்று விழுந்து தொழிலாளர் உயிரிழந்ததுண்டு. அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையினர் இதுபற்றித் தனி எச்சரிக்கை விடுத்தனர். இயந்திரத்தில் பலக்குறைவு இல்லை. பூட்டியிருக்கிறதா என்பது பார்வைக்குப் புலப்படாமையே குறை.

ஆகவே மூன்று ஏற்பாடுகள் தேவை. முதலாவது, ஆணியைச் சிறு சங்கிலியால் சட்டத்துடன் பிணைத்தல். அப்போதுதான் அது தொலைந்து, அதனிடத்தில் கம்பித்துண்டு புகாமல் இருக்கும். இரண்டாவது, ஆணியின் நுனித் துளையில் ஸ்பிரிங் வளையமுள்ள கொண்டியை மாட்டுதல். அதிர்வினால் ஆணி வெளியேறுவதை இது தடுக்கும். மூன்றாவது, ஆணியின் தலைப்பக்கத்துத் தண்டுக்குச் சிவப்பு வர்ணம் பூசுதல். ஆணி முழுவதும் புகுந்தால் சிவப்பு காதினுள் மறைந்துவிடும். சிவப்பு தெரிந்தால் பூட்டு முழுமையாகவில்லை என்று பொருள். படிப்பறிவு குறைந்தவரும் பத்தடி தொலைவிலிருந்தே இதனை அறிந்துகொள்ளலாம்.

பயன்படுத்தும் முறை

சட்டத்தைச் சமதரையில் அதன் ஊன்றுகால்களில் நிறுத்தி, வாளியைச் சற்று முன்சாய்த்து, கொக்கிகளின்கீழ்ச் செலுத்தி உயர்த்த வேண்டும். பின் வாளியை நிமிர்த்தினால் காதுகள் நேர்ப்படும். மீண்டும் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, ஓட்டுநர் கீழே இறங்கி இரு ஆணிகளையும் செருகிக் கொண்டியிட வேண்டும். அதன்பின் பல்நுனிகளைத் தரையில் மெல்ல அழுத்திச் சட்டம் விலகாதிருப்பதைச் சோதித்த பிறகே எவரையும் அருகில் வர விடலாம். கழற்றுவதற்கு இதே வரிசையைத் தலைகீழாகக் கொள்க.

டிராக்டரின் பின்புறம் எதிர்ச்சுமை பூட்டுதல், சுமையைத் தாழ்வாகவே கொண்டு செல்லுதல், உயர்த்திய கவையின்கீழ் எவரும் நில்லாமை, பற்களின்மேல் ஆளை ஏற்றாமை ஆகியவை தவறாது கைக்கொள்ளத்தக்கவை. கிளைகளினூடே மின்கம்பி சிக்கியிருக்குமாயின், மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும்வரை கவை அவற்றைத் தீண்டவே கூடாது. பணி முடிந்தபின் பற்களின் நுனிகள் சுவரை நோக்கியிருக்கும்படி சட்டத்தை நிறுத்திவைத்தல் நலம்.

குழாய், தகடு, பற்றவைப்புக் கருவி ஆகியவற்றுடன் தேர்ச்சியுள்ள தொழிலாளர் இருக்கும் எந்தச் சிறு பட்டறையும் இச்சட்டத்தை ஆக்க வல்லது. பற்களின் வலிவையும் பற்றவைப்பின் உறுதியையும் அவர்கள் இயல்பாகவே கவனிப்பார்கள். அதே கவனத்தைச் சங்கிலிக்கும், கொண்டிக்கும், ஒரு கைப்பிடி சிவப்பு வர்ணத்துக்கும் அளிப்பாராயின், புயலுக்கு மறுநாள் காலையில் தெருவைத் துப்புரவாக்கும் பணியாளர் மாலையில் நலமாக வீடு திரும்புவார்.