எதிரே நிற்பவர் யார்?

மேஜை மீது பச்சைத் துணி. நான்கு மூலைகளிலும் குழி. நீளப் பக்கங்களின் நடுவே இன்னும் இரண்டு குழி. மேஜை மேல் எண் போட்ட 15 பந்துகள். அவற்றோடு வெள்ளைப் பந்து ஒன்று. கையில் ஒரு கோல்.

இதுதான் 'பூல்' ஆட்டம்.

கோலால் வெள்ளைப் பந்தை அடிக்க வேண்டும். அது போய் எண் பந்தில் மோத வேண்டும். எண் பந்து குழியில் விழ வேண்டும். விழுந்தால் அவரே தொடர்ந்து ஆடலாம். விழாவிட்டால் எதிராளியின் முறை.

நம் வீட்டுக் கேரம் ஆட்டமும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே கோல், இங்கே விரல். அங்கே பந்து, இங்கே காய்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கேரம் பலகைக்குப் பஞ்சம் இல்லை. பலகையைச் சுற்றி நான்கு பேர் கூடினால் ஒரு வழக்கும் கூடவே வரும்.

"கெட்டிக்காரனோடு ஆடினால்தான் ஆட்டம் வரும்" என்பார் ஒருவர்.

"தோற்றுக்கொண்டே இருந்தால் ஆசை எப்படி அண்ணே வரும்?" என்பார் மற்றவர்.

யார் சொல்வது சரி?

ஊட்டி சொன்ன பாடம்

பூல் ஆட்டத்துக்கு நெருங்கிய உறவு 'ஸ்நூக்கர்'. உலகமெங்கும் ஆடப்படும் இந்த ஆட்டம் பிறந்த இடம் நம் இந்தியா! 1875-ல் ஜபல்பூரில் இருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் இதை ஆடத் தொடங்கினார்கள். முன்னின்றவர் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி. (பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவர் வேறு, இவர் வேறு.)

1880-களில் அவர் ஊட்டிக்கு வந்தார். அங்குள்ள ஊட்டி கிளப்பில் ஆட்ட விதிகள் ஒழுங்கு செய்யப்பட்டு, பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன.

'ஸ்நூக்கர்' என்றால் என்ன பொருள் தெரியுமா? இங்கிலாந்தில் ராணுவப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவனை அப்படிக் கேலியாக அழைப்பார்கள். அதாவது, கற்றுக்குட்டி!

ஒருநாள் ஓர் அதிகாரி எளிதான பந்தைத் தவறவிட்டார். சேம்பர்லேன் அவரை 'ஸ்நூக்கர்' என்று கேலி செய்தார். பிறகு அவர் மனம் நோகக் கூடாதே என்று, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்நூக்கர்கள்தான் என்று சமாதானம் சொன்னாராம். அந்தப் பெயரே ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது.

கற்றுக்குட்டியின் பெயரைத் தாங்கிய ஆட்டம்! கற்றுக்குட்டியை ஒதுக்கலாமா?

மூன்று வகை எதிராளி

எதிராளிகள் மூன்று வகை. நம்மைவிடக் கெட்டிக்காரர், நமக்குச் சமமானவர், நம்மைவிட இளைத்தவர். மூவரிடமும் கற்க வேண்டியது வேறு வேறு.

கெட்டிக்காரரோடு ஆடும்போது ஒரு சங்கடம் உண்டு. அவர் ஆட ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார். நாம் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். பத்து ஆட்டம் ஆடினாலும் நமக்குக் கிடைப்பது சில அடிகளே.

ஆனால் அந்த நாற்காலிதான் பள்ளிக்கூடம்! உட்கார்ந்து எதைப் பார்க்க வேண்டும்? குழியில் விழும் பந்தை அல்ல. வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்த பந்துக்கு வசதியான இடத்தில் அதை நிறுத்துவதே அவருடைய வித்தை. ஒரு பந்தை அடிக்கும்போதே அடுத்த பந்துக்கும் கணக்குப் போட்டுவிடுகிறார். ஆட்டம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தப் பந்தை விட்டுவிட்டு இதை ஏன் முதலில் அடித்தீர்கள்?" நல்ல ஆட்டக்காரர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

சமமானவரோடு ஆடுவது நெஞ்சுரத்துக்கு. கடைசிப் பந்து வரை வெற்றி யாருக்கு என்று தெரியாது. கை நடுங்கும். அந்த நடுக்கத்திலும் நேராக அடிக்கப் பழக வேண்டும். இந்தப் பயிற்சியைத் தனியாக ஆடிப் பெற முடியாது.

இளைத்தவரோடு ஆடினால் நமக்கு நிறைய அடிகள் கிடைக்கும். புதிய அடிகளைப் பயமின்றி முயன்று பார்க்கலாம். இடக்கையால் அடித்துப் பார்க்கலாம். அவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது நமக்கே தெளிவு பிறக்கும். "ஏன் இப்படி?" என்று அவர் கேட்கும்போதுதான், காரணம் தெரியாமலே நாம் பல அடிகளை அடித்து வந்தது புரியும்.

இளைத்தவரோடு மட்டுமே ஆடினால்? சோம்பல் வந்துவிடும். நாம் செய்யும் பிழைக்குத் தண்டனை கிடைக்காது. தண்டனை இல்லாத பிழை பழக்கமாகிவிடும்.

கெட்டிக்காரரோடு மட்டுமே ஆடினால்? பயம் வந்துவிடும். கோலைப் பிடிக்கும் முன்பே தோல்வி மனத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே மூவரும் வேண்டும்.

பாடியில் ஒரு அக்காள், தம்பி

அம்பத்தூருக்குப் பக்கத்தில் பாடி. அங்கே ஒரு குடும்பம். ஆட்டம் வேறு, அது சதுரங்கம். ஆனால் பாடம் இதேதான்.

மகள் வைஷாலி 2001-ல் பிறந்தவர். மகன் பிரக்ஞானந்தா 2005-ல் பிறந்தவர். சிறுமி டெலிவிஷன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்று பெற்றோர் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். அக்காளைப் பார்த்துத் தம்பிக்கும் ஆசை வந்தது.

முதலில் அக்காள் மூத்தவர், ஆட்டத்திலும் முந்தியவர். பிறகு நிலைமை மாறியது. 2018-ல் தம்பி 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனார். நாடே அவரைக் கொண்டாடியது.

தம்பி முந்திவிட்டானே என்று அக்காள் பலகையை மூடி வைத்தாரா? இல்லை. விடாமல் ஆடினார். 2023-ல் அவரும் கிராண்ட்மாஸ்டருக்குரிய தகுதியை எட்டினார். உலகிலேயே கிராண்ட்மாஸ்டர்களான முதல் அக்காள் தம்பி இவர்கள்தான்! 2024-ல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டிகளில், பொதுப் பிரிவில் தம்பியும் பெண்கள் பிரிவில் அக்காளும் ஆடினார்கள்.

இன்று நமக்கு இளைத்தவராக இருப்பவர் நாளை நம்மை முந்தலாம். அதற்காக அவரோடு ஆடுவதை நிறுத்தினால் நஷ்டம் நமக்குத்தான்.

சென்னையில் விசுவநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடிய டால் சதுரங்க மன்றத்திலும் ஒரு வழக்கம் இருந்தது. வென்றவர் நாற்காலியிலேயே இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். பெரியவர், சிறியவர் என்ற பேதம் இல்லை. மறுபடி உட்கார வேண்டுமானால் காத்திருக்க வேண்டும். தோல்வியின் விலை அங்கே உடனே தெரிந்தது.

சமன் செய்ய வழி

அண்ணன் கெட்டிக்காரன், தம்பி சின்னவன். இருவரும் ஆட வேண்டும். என்ன செய்வது?

வேண்டுமென்றே தோற்க வேண்டாம். குழந்தைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிடச் சலுகை கொடுப்பதே நேர்மை. பூல் ஆட்டத்தில், "நான் 5 ஆட்டம் ஜெயிக்க வேண்டும், நீ 3 ஜெயித்தால் போதும்" என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். கேரத்தில் சின்னவனுக்குச் சில புள்ளிகளை முதலிலேயே கொடுக்கலாம். இப்போது அண்ணனும் வியர்வை சிந்தி ஆட வேண்டும். தம்பிக்கும் நம்பிக்கை இருக்கும். தம்பி தேறத் தேறச் சலுகையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சலுகை குறைவதே அவனுக்குப் பரிசு!

நான்கு பேர் இருந்தால் இன்னும் சுலபம். கெட்டிக்காரரும் புதியவரும் ஒரு கட்சியாகச் சேரட்டும்.

பந்தயம் வேண்டாம்

ஒரு எச்சரிக்கையும் அவசியம். காசு வைத்து ஆடும் இடங்களில் ஒரு தந்திரம் உண்டு. கெட்டிக்காரன் தெரியாதவன் போல் நடிப்பான். முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்பான். பந்தயத் தொகை ஏறியதும் சுயரூபத்தைக் காட்டுவான். அதற்குள் சம்பளப் பணம் கரைந்திருக்கும். காசு வைத்தால், கற்றுக்கொடுக்க வேண்டியவனே கழுத்தை அறுப்பவன் ஆகிவிடுகிறான்.

கெட்டிக்காரர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வில்சன் ஜோன்ஸ் உதாரணம். 1958-ல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் பட்டம் வென்றவர் அவர். 1964-ல் மறுபடியும் வென்றார். பின்னாளில் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். சிறந்த பயிற்சியாளருக்கான துரோணாச்சாரியார் விருது 1996-ல் அவரைத் தேடி வந்தது. உலகத்தையே வென்றவர் கற்றுக்குட்டிகளுக்கு எதிரே நிற்கத் தயங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரட்டும். பரணில் கிடக்கும் கேரம் பலகையை இறக்குங்கள். தூசி தட்டி மாவு போடுங்கள். வீட்டில் நன்றாக ஆடுபவரோடு ஓர் ஆட்டம். சமமானவரோடு ஓர் ஆட்டம். கடைக்குட்டியோடு ஓர் ஆட்டம். மூன்றும் ஆடியவருக்குத்தான் ஆட்டம் வரும்!