வெருகலாற்றுக்கு இப்பாலும் அப்பாலும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடவெல்லையை அண்டிக் கிடப்பது கதிரவெளி. மகாவலியின் கிளையான வெருகலாறுதான் இங்கு எல்லை. ஆற்றுக்கு வடக்கே கொட்டியாரப்பற்று, தெற்கே கோறளைப்பற்று என்பது எமது மூதாதையர் அறிந்த பிரிவு. கிழக்கே கடல், மேற்கே காடு, இடையே மணற்றரையும் களப்பும். மாரி கைகொடுத்தால் நெல். பொய்த்தால் சேனையில் சோளமும் கச்சானும், காட்டில் தேனும், களப்பில் மீனும்.

எல்லைப்புறம் என்றதும் அண்மையில் காடு வெட்டிக் குடியேறிய இடமென நாம் எண்ணிவிடுகிறோம். அப்படியல்ல. கற்பலகைகளைப் பெட்டிபோல் நிறுத்தி இறந்தோரை அடக்கம் செய்த பெருங்கற்காலச் சின்னங்கள் கதிரவெளியில் உள்ளன. தென்னிந்தியாவிலும் இத்தகைய கல்லறைகள் உண்டு. இப்பகுதியின் கரையோர வேடரோ தமிழ் பேசி, மீன்பிடித்து, சேனை செய்து வாழ்பவர்கள். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூலிலும் கரையோர வேடர் இடம்பெற்றுள்ளனர்.

இந்த எல்லை எவரையும் தடுத்ததில்லை. வெருகல் சித்திரவேலாயுதர் திருவிழாவுக்கு இக்கரை மக்கள் பாதையில் ஏறி ஆறு கடந்தனர். கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்கள் அக்கரையிலிருந்து இவ்வழியே தெற்கே வருகின்றனர்.

2006இல் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று மக்கள் உயிர்தப்பி ஓடிவந்ததும் இவ்வழியால்தான். ஆழிப்பேரலை அடித்து இரண்டாண்டுகூட ஆகாத கரையோரம் அது. நவம்பர் 8ஆந் திகதி, அவர்கள் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் இராணுவத்தின் எறிகணைகள் வீழ்ந்து 40இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2007 சனவரிக்குள் வந்தோரும் ஊரவரும் ஒருங்கே வாழைச்சேனைப் பக்கம் ஓடவேண்டியதாயிற்று. அவ்வாண்டே பலர் ஊர் திரும்பினர். ஆனால் சம்பூர் மக்களின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. அவர்களில் பலர் 2015இன் பின்னரே மண்ணை மிதித்தனர்.

திரும்பியவர்க்கு இன்னொரு வில்லங்கம். உழாத நிலத்தில் பற்றை வளரும், பற்றை மரமாகும், மரமானதும் அது காடெனக் கணிக்கப்படும். வடக்கு கிழக்கில் பல இடங்களில் இவ்வாறு நடந்துள்ளது. சுழற்சியாகச் சேனை செய்த நிலத்துக்கு உறுதியும் இராது. ஆகவே வயலின் பெயர், குளத்தின் பெயர், நாற்புறத்து அயலார் யாவர் என்பவற்றைப் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்வோம். உத்தரவுப்பத்திரம் தொலைத்தோர் பிரதேச செயலகப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஆற்றுக்கு வடக்கேயுள்ள காணிக்கு வெருகல் செயலகம், தெற்கேயுள்ளதற்கு வாகரைச் செயலகம். ஆற்றைக் கடக்க முன்போல் பாதைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இப்போது பாலம் உண்டு.