கோதுமை ஆகாத மருமகளும் குழம்பிப் போன குடும்பமும்



சர்க்கரை வியாதி என்றால் நமக்குத் தெரியும். ரத்தக் கொதிப்பு என்றாலும் தெரியும். ஆனால் டாக்டர் "சீலியாக் நோய்" என்று சொன்னால் வீட்டில் ஒருவருக்கும் விளங்குவதில்லை. விளங்காத இடத்தில் வேடிக்கை பிறக்கிறது. கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்த வேடிக்கையால் ஒரு பெண்ணின் உடம்பில் ரத்தம் ஊறாமல் போகலாம், கருவுக்கும் கெடுதல் வரலாம். ஆகவே சிரித்து முடித்ததும் கொஞ்சம் யோசிக்கவும் வேண்டும். அதற்காகவே இந்தச் சிறு வெளியீடு.

சீலியாக் நோய் என்பது என்ன?

பரோட்டா போடுகிறவர் மாவை வீசி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி மாதிரி விரிகிறதே தவிர, கிழிவதில்லை. அரிசி மாவை அப்படி வீச முடியுமா? முடியாது. கோதுமையில் உள்ள ஒரு வகைப் புரதம்தான் மாவுக்கு அந்த இழுவையைக் கொடுக்கிறது. அதன் பெயர் குளுட்டன். பார்லியிலும், மேல்நாட்டில் விளையும் ரை என்ற தானியத்திலும் இதே குணமுள்ள புரதம் உண்டு. அரிசியில் இது கிடையாது.

பெரும்பாலோருக்குக் குளுட்டன் ஒன்றும் செய்யாது. சிலருடைய உடம்பு மட்டும் அதை எதிரியாக நினைத்துவிடுகிறது. அதை விரட்டப் போய், தன் சிறுகுடலையே தாக்கிக்கொள்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் நாற்றங்காலில் நாற்று நிற்பது போல மெல்லிய விரல்கள் நெருக்கமாக நிற்கும். நாம் உண்ணும் உணவின் சத்தை உறிஞ்சுவது அவைதாம். சீலியாக் நோயில் மாடு மேய்ந்த நாற்றங்கால் போல அந்த விரல்கள் தேய்ந்து போகின்றன. பிறகு எவ்வளவு நல்ல உணவு தின்றாலும் சத்து உடம்பில் ஒட்டாது.

இதன் காரணத்தைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். மறுபடி ரொட்டி வந்தது, அவர்களுடைய நோயும் திரும்ப வந்தது. கோதுமைதான் காரணம் என்று தாம் முன்பே கொண்டிருந்த சந்தேகத்தை அவர் ஆராய்ந்து, 1950-இல் எழுதி வெளியிட்டார்.

நம் நாட்டில் கோதுமை அதிகம் உண்ணும் வடமாநிலங்களில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. தென்னாட்டில் அதைவிட மிகக் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. 1960-களில் அரிசித் தட்டுப்பாட்டின்போது ரேஷன் கடை வழியாகக் கோதுமை நம் கிராமங்களுக்குள் பரவலாக வந்தது. இன்று காலையில் ரவை உப்புமா, மாலையில் பிஸ்கட், இரவில் சப்பாத்தி என்று ஆகிவிட்டது. அதனால் நாமும் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

இதைத் தம்பதிகளுக்கு ஏன் சொல்கிறோம்?

ரத்த சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரையை மாதக்கணக்கில் ஒழுங்காக விழுங்கியும் சிலருக்கு ரத்தம் ஏறுவதில்லை. "மாத்திரையைத் தூக்கி எறிஞ்சிருப்பா" என்று வீட்டில் பழி வேறு. குடல் உறிஞ்சாவிட்டால் மாத்திரை என்ன செய்யும்? கண்டுபிடிக்கப்படாத சீலியாக் நோயினால் சிலருக்குக் கரு தரிக்கத் தாமதம் ஆகலாம், அடிக்கடி கரு கலையலாம், குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். குழந்தை இல்லாமைக்கு வேறு காரணங்களே அதிகம் என்பது உண்மை. ஆனால் ஏறாத ரத்தம், ஓயாத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், காரணமில்லாத மெலிவு ஆகியவையும் சேர்ந்திருந்தால் இதையும் பார்க்க வேண்டும். ஆண்களுக்கும் இந்நோய் வரும். குழந்தைகளுக்கு வந்தால் வளர்ச்சி குன்றலாம்.

இந்த நோயைக் குணமாக்க இன்றுவரை மாத்திரை கிடையாது. உணவுதான் மருந்து. குளுட்டன் உள்ள எதையும் ஆயுள் முழுதும் தொடக் கூடாது. அப்படி இருந்தால் சில வாரங்களிலேயே தெம்பு வரும். குடல் முழுதும் ஆற மாதங்களும், சிலருக்கு வருடங்களும் ஆகும்.

"தொடக் கூடாது" என்று சொல்வது எளிது. வீட்டில்தான் இருக்கிறது வேடிக்கை.

குளுட்டனா, குளுக்கோஸா?

ஒரு வீட்டு மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, "அத்தை, எனக்குக் குளுட்டன் ஆகாதாம்" என்றாள். மாமியார் காதில் விழுந்தது குளுக்கோஸ். அன்று முதல் காப்பியில் சர்க்கரை நின்றது. வாழைப்பழம் நின்றது. இரவில் சோறும் நின்றது. அதற்குப் பதில்? "சர்க்கரைக்காரங்களுக்குச் சப்பாத்திதான் நல்லதுன்னு ஊரே சொல்லுது" என்று சுடச்சுட நாலு சப்பாத்தி! ஆகக்கூடியதையெல்லாம் பிடுங்கிவிட்டு, ஆகாத ஒன்றை அன்போடு ஊட்டிய கதை இது. சர்க்கரை வேறு, குளுட்டன் வேறு. சீலியாக் நோயாளி சர்க்கரை சாப்பிடலாம், சோறு தாராளமாகச் சாப்பிடலாம். விலக்க வேண்டியது சப்பாத்தியைத்தான்.

"இது ரவைதானே, கோதுமை இல்லையே!"

கோதுமை ஆகாது என்று சொன்னால் கோதுமை மாவு டப்பாவை மட்டும் எடுத்து ஒளித்து வைப்பார்கள். மறுநாள் ரவை உப்புமா வரும். "ரவை வெள்ளையா இருக்கு, கோதுமை பழுப்பா இருக்கு, ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" என்பார் பாட்டி. ரவை, சம்பா ரவை, மைதா, சேமியா எல்லாம் ஒரே கோதுமைத் தாய் பெற்ற பிள்ளைகள். மைதாவை மரவள்ளிக் கிழங்கு மாவு என்று நினைப்பவர்களும் நம்மிடையே உண்டு. மரவள்ளியிலிருந்து வருவது ஜவ்வரிசி. அது இவர்களுக்கு ஆகும். ஆகவே சேமியா பாயசம் வேண்டாம், ஜவ்வரிசிப் பாயசம் வைக்கலாம்.

அல்வாவும் இப்படித்தான். "நெய்யும் சர்க்கரையும்தானே, மாவு எங்கே இருக்கு?" என்று கேட்பார்கள். திருநெல்வேலி அல்வாவைக் கிண்டுவதே கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில்தான்.

"கொஞ்சம் சாப்பிட்டா என்ன ஆயிடும்?"

கல்யாண வீட்டில் சித்தி கேசரியை நீட்டுவாள். வேண்டாம் என்றால், முந்திரியை மட்டும் பொறுக்கி, "இதுல ரவை இல்லை, வாயைத் திற" என்பாள். முந்திரியில் ஒட்டிய ரவை போதும் கெடுதல் செய்ய. கோயிலில் கொடுத்தால், "பிரசாதம் ஒண்ணும் செய்யாது" என்பார்கள். பக்தியில் குறைவில்லை. ஆனால் குடலுக்குப் பிரசாதம் என்று தெரியாது. கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கத்தில் உள்ளவருக்குக் கொடுத்துவிடலாம். பொங்கலோ புளியோதரையோ ஆனால், அதில் போட்ட பெருங்காயம் எது என்று மடப்பள்ளியில் கேட்டுக்கொண்டு சாப்பிடலாம். தேவாலயத்தில் தரும் நற்கருணை அப்பமும் கோதுமைதான். பங்குத் தந்தையிடம் முன்னதாகச் சொன்னால் வழி காட்டுவார்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இந்த நோய்க்கு அந்தப் பழமொழி போதாது. அளவு குறைந்தாலும் நஞ்சு நஞ்சுதான். கடையில் குளுட்டன் இல்லை என்று எழுதி விற்கும் பண்டத்தில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக் கூடாது என்பது விதி. 20 மில்லிகிராம் என்றால் ஒரு கிராமில் ஐம்பதில் ஒரு பங்கு. கேசரி முந்திரியை இப்போது நினைத்துப் பாருங்கள்.

ரசத்தில் எங்கே வந்தது கோதுமை?

இது சிரிப்பை மட்டுமல்ல, வியப்பையும் தரும். எல்லாவற்றையும் விலக்கியும் ஒரு பெண்ணுக்கு வயிறு சரியாகவில்லை. வெறும் ரசம் சாதம்தான் சாப்பாடு. "ரசத்துல எங்கேடி இருக்கு கோதுமை?" என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் இருக்கிறது! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். ரசம், சாம்பார், மோர், ஊறுகாய், அப்பளம் என்று பெருங்காயம் போகாத இடம் இல்லை. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் பூண்டு தட்டிப் போட்டு ரசம் வையுங்கள். வாசனைக்குக் குறைவிராது.

உடம்பு சரியில்லை என்று பார்க்க வருகிற உறவினர் கொண்டு வரும் சத்துப் பானப் பொடியிலும் கவனம் தேவை. பல பொடிகளில் பார்லி மால்ட்டும் கோதுமையும் சேர்கின்றன. ரஸ்க்கும் ரொட்டியும் சொல்லவே வேண்டாம். நோயாளிக்குக் கொண்டு வருவது எல்லாமே இந்த நோயாளிக்கு ஆகாததாக இருக்கிறது! ஆரஞ்சு கொண்டு வரச் சொல்லுங்கள்.

"எத்தனை மாசம் கண்ணு?"

வயிறு உப்பியிருக்கும், வாந்தி வரும். பார்த்த பெரியவர்கள் மசக்கை என்று முடிவு கட்டிவிடுவார்கள். "விசேஷமா? எத்தனை மாசம்?" என்று தெருவே விசாரிக்கும். கேட்பவருக்கு ஆசை. ஆனால் குழந்தைக்காக ஏங்குகிற தம்பதிக்கு அந்தக் கேள்வி முள்ளாகக் குத்தும். பெரியோர்களே, உப்பிய வயிறெல்லாம் கர்ப்பம் அல்ல. விசாரிப்பதை விட்டு, டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

தனித் தட்டு எதற்கு?

சில வீடுகளில் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிடுகிறார்கள். இது ஒட்டுகிற நோய் அல்ல. யார் சாபமும் அல்ல. பிறவியிலேயே அமையும் உடல்வாகு. ஆனால் வேறொரு காரணத்துக்காகத் தனிப் பாத்திரம் வேண்டியதுதான். அவள் நோய் நமக்கு வந்துவிடும் என்பதற்காக அல்ல. நம் கோதுமை அவள் தட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக!

சப்பாத்தி சுட்ட கல்லில் அப்படியே தோசை வார்க்காதீர்கள். பூரி பொரித்த எண்ணெயில் வடை போடாதீர்கள். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு அரிசியைக் கொட்டினால் அரிசி மாவிலும் கோதுமை சேரும். வீட்டு மிக்சியிலோ உரலிலோ அரைப்பது நல்லது.

எவற்றை உண்ணலாம்?

1. அரிசிச் சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு. ரேஷன் அரிசியே போதும்.

2. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம்.

3. பருப்பு, பயறு, காய், கீரை, பழம், பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி.

பார்த்தீர்களா? நம் பாட்டன் பூட்டன் உண்ட உணவு எல்லாமே இதில் இருக்கிறது. விலை கொடுத்துத் தனி உணவு வாங்க வேண்டியதில்லை.

எவற்றை விலக்க வேண்டும்?

கோதுமை, ரவை, மைதா, சேமியா, சப்பாத்தி, பரோட்டா, ரொட்டி, பன், பிஸ்கட், நூடுல்ஸ், பார்லிக் கஞ்சி. ராகி சேமியா பாக்கெட்டிலும் பல சமயம் கோதுமை மாவு கலந்திருக்கும். சத்துமாவிலும் கோதுமை இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டே நோயுள்ள குழந்தைக்குக் கொடுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். சோதனைக்கு முன் நிறுத்தினால் நோய் இருந்தும் தெரியாமல் போய்விடும். முதலில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனையும், தேவையானால் வாய் வழியே குழாய் விட்டுச் சிறுகுடலைப் பார்க்கும் சோதனையும் செய்ய அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரும் சோதித்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இரும்புச் சத்து மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

விருந்து வீட்டில் புது மருமகள் "வேண்டாம்" என்றால் திமிர் என்பார்கள். அதையே கணவன் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். ஆகவே நீங்கள் சொல்லுங்கள்: "அம்மா, கோதுமை பட்டா அவ குடல் புண்ணாகுது. டாக்டர் சொல்லியிருக்கார். அவளுக்கு இட்லி வைங்க." இந்த மூன்று வாக்கியம் போதும். சமையல்கட்டுக்குள் ஒரு தடவை போய்ப் பெருங்காய டப்பாவையும் படித்துப் பாருங்கள். கணவனுக்கு நோய் என்றால் மனைவி இதைச் செய்யட்டும்.

நம் வீடுகளில் யாரும் கெட்ட எண்ணத்தோடு பரிமாறுவதில்லை. பிள்ளை இளைத்திருக்கிறதே என்றுதான் இன்னொரு பூரியை வைக்கிறார்கள். அந்த அன்போடு விவரமும் சேர வேண்டும். இனி இலையில் வைக்குமுன் "இது உனக்கு ஆகுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆகாது என்றால் வற்புறுத்தாதீர்கள். ஊறாத ரத்தம் ஊறும், சோர்ந்த முகம் தெளியும், வீட்டில் நிம்மதி பிறக்கும்.

மேலும் விவரம் வேண்டுவோர் உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். படித்து முடித்ததும் இந்தத் தாளைப் பக்கத்து வீட்டுத் தம்பதிக்குக் கொடுங்கள்.